கள்ளியைத் தாண்டும் டி. ரெக்ஸ்

இணைய இணைப்பு அறுந்துபோனால் குரோம் உலாவியின் வெள்ளைத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருவம் வந்து நிற்கிறது. பெரிய தலை, சுருங்கிய கைகள், தடித்த வால். பெயர் எழுதியிருக்காவிட்டாலும் அது டி. ரெக்ஸ் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடுகிறது. எதிரே கள்ளிச்செடி வந்தால் தாண்டுகிறது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் சிறகடித்துப் பறக்கும் உயிர்கள் வருகின்றன. அவற்றுக்குக் குனிய வேண்டும். எதிலாவது மோதினால் ஆட்டம் முடிந்தது. கூகுள் இதை 2014இல் உலாவிக்குள் வைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அந்நிறுவனமே சொன்ன கணக்குப்படி, மாதந்தோறும் 27 கோடி முறை இந்த ஆட்டம் ஆடப்பட்டது. எந்த அருங்காட்சியகத்தின் எலும்புக்கூட்டுக்கும் இத்தனை பார்வையாளர்கள் வாய்த்ததில்லை.

சினிமா டைனோசருக்கும் வீடியோ கேம் டைனோசருக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சினிமாவில் அது இயக்குநர் சொன்ன நேரத்தில் வந்து, சொன்ன ஆளைக் கடித்துவிட்டுப் போய்விடும். அதன் எடை என்ன, எப்போது களைக்கும் என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கேமில் ஒவ்வொரு விலங்குக்கும் எண் கொடுத்தாக வேண்டும். நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடும்? முழுதாகத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு கடியில் எதிராளிக்கு எவ்வளவு சேதம்? குஞ்சு வளர்ந்து பெரிதாக எத்தனை நாள்? தொல்லுயிரியலாளர்கள் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். கேம் செய்பவர் ஆட்டம் சுவைக்கும்படி எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். ஆய்வாளர் எலும்பின் தடிமனிலிருந்தும், அதில் தசை ஒட்டியிருந்த தழும்பிலிருந்தும் அதைப் பெறுகிறார். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

குரோம் டி. ரெக்ஸிலிருந்தே தொடங்குவோம். அது ஓடுகிறது. நிஜ விலங்கு ஓடியதா?

வளர்ந்த டி. ரெக்ஸ் 12 மீட்டர் நீளம், குறைந்தது 6 டன் எடை. உடல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதானால் எடை எட்டு மடங்காகும். ஆனால் தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்பதால் அது நான்கு மடங்குதான் கூடும். அதனால் உடல் பெருக்கப் பெருக்கக் கால்களுக்குச் சுமை கூடிக்கொண்டே போகும். 2002இல் ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் இந்த எளிய கணக்கைக் கணினி மாதிரியில் ஏற்றி ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 6 டன் டி. ரெக்ஸ் உண்மையிலேயே வேகமாக ஓட வேண்டுமென்றால், இரண்டு கால்களின் தசை மட்டுமே உடல் எடையில் 86 விழுக்காடு இருந்திருக்க வேண்டும் என்று விடை வந்தது. அப்படியானால் தலைக்கும் குடலுக்கும் வாலுக்கும் சேர்த்து மிஞ்சுவது 14 விழுக்காடுதான். அப்படி ஓர் உடல் இருக்க முடியாது. மணிக்கு 18 முதல் 40 கிலோமீட்டர் வரை என்று அவர்கள் ஒரு வரம்பு போட்டார்கள்.

2017இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வில்லியம் செல்லர்ஸ் குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. தசை தாங்குமா என்பதோடு நில்லாமல், எலும்பு தாங்குமா என்று கேட்டார்கள். எலும்புக்கூட்டைக் கணினிக்குள் கட்டி, தசைகளைப் பொருத்தி, நடக்கவும் ஓடவும் வைத்தார்கள். ஓடும்போது, அதாவது இரண்டு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி இறங்கும்போது, கால் எலும்புகளில் விழும் அழுத்தம் முறியும் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும் வேகநடை மட்டும் அதற்குப் பாதுகாப்பாக இருந்தது. உச்சமே மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கவனித்துப் பாருங்கள்: ஒரு விலங்கை மெய்நிகர் உலகில் நிறுத்தி, ஈர்ப்பு விசையைக் கொடுத்து, நடக்கவைத்து, எங்கே விழுகிறது என்று பார்ப்பது கேம் செய்பவர்கள் தினமும் செய்கிற காரியம். ஆய்வகத்தில் நடப்பதும் அதுவே. ஆய்வகத்து விலங்கின் எலும்பு மட்டும் உடையும்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நெதர்லாந்தின் லைடன் நகர அருங்காட்சியகத்தில் ‘ட்ரிக்ஸ்’ என்ற டி. ரெக்ஸ் இருக்கிறது. 2021இல் பாஷா வான் பைலெர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் அதன் வாலை மட்டும் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்த நீண்ட வால் மேலும் கீழும் அசையும். அதன் தசைநார்கள் வில்லைப்போல ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். வாலின் இயல்பான அசைவு நேரத்துக்கு ஏற்றபடி காலடி வைத்தால்தான் குறைந்த உழைப்பில் நிறைய தூரம் போகலாம். அந்த நடை மணிக்கு 4.6 கிலோமீட்டர் என்று கணக்கு சொன்னது. நாம் கடைத்தெருவுக்கு நடந்து போகும் வேகம் ஏறத்தாழ அதுதான். அவசரமில்லாத ஒரு காலைப்பொழுதில் டி. ரெக்ஸோடு சேர்ந்து நாமும் நடந்திருக்கலாம், அது நம்மைக் கவனிக்காத வரையில்.

தாண்டுவது? அதற்கு வாய்ப்பே இல்லை. ஓடவே கால் தாங்காத எடை, மேலே எழும்பி இறங்கும்போது எப்படித் தாங்கும்? ஆனால் மோதினால் ஆட்டம் முடிந்தது என்கிற விதியில் குரோம் கேம் நிஜத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. 1995இல் ஜேம்ஸ் ஃபார்லோ குழு செய்த கணக்கின்படி, வேகமாகப் போகும் 6 டன் டி. ரெக்ஸ் தடுக்கி விழுந்தால் அந்த மோதலே அதைக் கொல்லப் போதும். ஊன்றிக்கொள்ளக் கை எட்டாது. தலையும் மார்பும் முதலில் தரையில் மோதும். கீழே விழுவது உயிர் போகிற காரியம் என்பதும் அது வேகத்தைக் குறைத்தே வாழ்ந்திருக்கும் என்பதற்கு ஒரு காரணம்.

அந்தக் கேமில் இன்னொன்றும் தற்செயலாகச் சரியாக அமைந்திருக்கிறது. நிற்கும்போது அந்த உருவம் முதுகை நிமிர்த்தி, வாலைத் தழைத்து நிற்கிறது. 1915இல் நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நிறுத்திய எலும்புக்கூடும் அப்படித்தான் நின்றது. வால் தரையில் இழுபடும் பழைய தோரணை. உண்மையில் டி. ரெக்ஸின் முதுகெலும்பு தரைக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. இடுப்பு நடுவில், ஒரு பக்கம் கனத்த தலை, மறுபக்கம் அதற்கு ஈடாக வால். அருங்காட்சியகம் 1990களில் எலும்புக்கூட்டைப் பிரித்துப் புதிய தோரணையில் நிறுத்தியது. இப்போது கீழ் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். குனியும் அந்த உருவம் தலையை முன்னே நீட்டி, கிடைமட்டமாக ஓடுகிறது. அறிவியலுக்கு நெருக்கமான தோரணை அதுதான்.

கள்ளிச்செடிக்கு அங்கே இடமே இல்லை. கள்ளிக் குடும்பம் தோன்றியது ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டி. ரெக்ஸ் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அது வாழ்ந்த நிலம் பாலையும் அல்ல. இன்றைய மொன்டானா, டகோட்டா பகுதிகள் அப்போது ஆறுகள் கிளைபிரிந்து ஓடும் ஈரமான சமவெளி. பூக்கும் மரங்களும் பனைகளும் பெரணிகளும் அடர்ந்த காடு. தலைக்கு மேல் பறப்பவை டைனோசர்களே அல்ல, டெரோசார்கள் என்ற தனிக் குழு. டி. ரெக்ஸ் காலத்து டெரோசார்களில் கெட்சால்கோட்லஸ் சிறகை விரித்தால் 10 மீட்டர் அகலம். குனிந்து தப்பிக்கிற அளவு அல்ல.

அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அதை ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் தொடர்ந்து ஆடும்படி அமைத்திருப்பதாகச் சொன்னார்கள், டி. ரெக்ஸ் பூமியில் இருந்த காலம் அவ்வளவு என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். அந்த எண் மிகப் பெரியது. 2021இல் சார்ல்ஸ் மார்ஷல் தலைமையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் போட்ட கணக்கில் இந்த இனம் வாழ்ந்தது ஏறத்தாழ 24 லட்சம் ஆண்டுகள், 1,27,000 தலைமுறைகள். ஒரு சமயத்தில் உயிரோடிருந்த வளர்ந்த விலங்குகள் சுமார் 20,000. தொடக்கம் முதல் முடிவு வரை பிறந்து வாழ்ந்தவை மொத்தம் 250 கோடி. எல்லாமே பெரிய பிழை வரம்பு கொண்ட மதிப்பீடுகள். ஆனாலும் ஒரு அழிந்த விலங்கின் மக்கள்தொகையைக் கணக்கிட முடியும் என்று எண்ணிப் பார்த்ததே பெரிய துணிச்சல்.

அடுத்தது ராப்டர். 1996இன் ‘டூம் ரெய்டர்’ தொலைந்த பள்ளத்தாக்கில் லாரா கிராஃப்டை முதலில் தாக்கும் டைனோசர்கள் அவைதான், டி. ரெக்ஸ் பிறகுதான் வருகிறது. 1999இல் கேப்காம் வெளியிட்ட ‘டினோ கிரைசிஸ்’ ராப்டரின் பயத்தை வைத்தே ஒரு முழு ஆட்டத்தைக் கட்டியது. ஓர் அறையிலிருந்து தப்பி அடுத்த அறைக்குள் நுழைந்தாலும் பின்னாலேயே வரும். இந்த ராப்டர்களெல்லாம் 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் பிள்ளைகள்: ஆள் உயரம், பல்லியின் தோல், கதவுப் பிடியைத் திருப்பத் தெரிந்த கை.

நிஜ வெலாசிராப்டரை 1923இல் மங்கோலியாவின் கோபி பாலையில், எரியும் பாறைகள் என்று அழைக்கப்படும் சிவந்த மணற்பாறைச் சரிவில், ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் போன அமெரிக்கக் குழு கண்டெடுத்தது. அடுத்த ஆண்டு ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் பெயர் வைத்தார். மூக்கிலிருந்து வால்நுனி வரை இரண்டு மீட்டர் போல இருந்தாலும் அதில் பெரும்பகுதி வால். எடை 15 முதல் 20 கிலோ. இடுப்பு நம் தொடை அளவுக்கு எட்டும். படத்திலும் கேம்களிலும் நாம் பார்ப்பது வேறொரு விலங்கின் உடல். 1964இல் ஜான் ஆஸ்ட்ரம் மொன்டானாவில் கண்டெடுத்து 1969இல் விவரித்த டைனானிகஸ் அது. 1988இல் கிரிகரி பால் தன் நூலில் டைனானிகஸையும் வெலாசிராப்டர் என்ற பேரினத்திலேயே சேர்த்தார். படத்தின் மூலநாவலை எழுதிய மைக்கேல் கிரைட்டன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். படம் உடலை இன்னும் பெரிதாக்கியது. படம் வந்த அதே 1993இல் யூட்டா மாநிலத்திலிருந்து அந்த அளவையும் மிஞ்சிய யூட்டாராப்டர் விவரிக்கப்பட்டது. ‘ஆர்க்’ கேமில் ராப்டர் என்று உலவுவது இந்த யூட்டாராப்டர்தான்.

இறகு விஷயத்தில் ஐயத்துக்கு இடமில்லை. 2007இல் ஆலன் டர்னர், பீட்டர் மகோவிக்கி, மார்க் நோரெல் மூவரும் ஒரு வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் வரிசையாக ஆறு சிறு புடைப்புகளைக் கண்டார்கள். இன்றைய பறவைகளின் சிறகெலும்பில் பெரிய இறகுகளின் அடி பதியும் இடத்தில் அதே புடைப்புகள் உண்டு. வெலாசிராப்டருக்குக் கையில் சிறகு போன்ற இறகு இருந்தது. பறக்க அது பயன்படவில்லை. அந்தக் கையால் கதவையும் திறக்க முடியாது. ராப்டரின் மணிக்கட்டு பறவையினுடையதைப்போலப் பக்கவாட்டில் மடங்கும். உள்ளங்கைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். முன்கையைத் திருப்பி உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் கொண்டுவர எலும்பு இடம் தராது.

காலில் உள்ள அரிவாள் நகம்தான் எல்லாக் கேம்களிலும் இதன் ஆயுதம். ஒரே வீச்சில் வயிற்றைக் கிழித்துவிடும் என்று காட்டுகிறார்கள். 2006இல் ஃபில் மானிங் குழு அதைச் சோதித்தது. இயந்திரக் கால் ஒன்றில் நகத்தின் பிரதியைப் பொருத்தி, பன்றி இறைச்சியில் உதைக்கவிட்டார்கள். நகம் குத்தித் துளை போட்டது, கிழிக்கவில்லை. 2011இல் டென்வர் ஃபௌலர் குழு ராப்டரின் பாதத்தைப் பருந்து, கழுகுகளின் பாதத்தோடு ஒப்பிட்டது. இரை தன்னைவிடச் சிறியதாக இருந்தால் மேலே ஏறி நின்று, நகத்தால் இறுக்கிப் பிடித்து, கை இறகுகளை அடித்துச் சமநிலை காத்து, உயிரோடிருக்கும்போதே கொத்தித் தின்றிருக்கும் என்பது அவர்களின் முடிவு. வல்லூறு புறாவைப் பிடித்துத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எந்தக் கேமிலும் காட்டப்படும் வீச்சைவிட இது கொடுமையானது.

இதற்கு நேரடிச் சாட்சி ஒன்று இருக்கிறது. 1971இல் போலந்து–மங்கோலியக் குழு கோபியில் இரண்டு எலும்புக்கூடுகளைச் சண்டையிடும் நிலையிலேயே கண்டெடுத்தது. ஒரு வெலாசிராப்டரின் நகம் பன்றி அளவுள்ள புரோட்டோசெராடாப்ஸின் கழுத்துப் பக்கம் பாய்ந்திருக்கிறது. அதன் அலகோ வெலாசிராப்டரின் வலது கையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. மணல் சரிந்து இரண்டையும் ஒன்றாக மூடிவிட்டது. ஏழு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சண்டை முடியாமல் கிடந்தது. டைனோசர் புதைபடிவங்களில் இதற்கு நிகராக இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன்.

ராப்டர் கூட்டமாக வேட்டையாடியதா என்பது கொஞ்சம் சிக்கலான கேள்வி. ஆர்க்கில் ராப்டர்கள் சேர்ந்து நின்றால் பலம் கூடும். இந்த எண்ணம் ஆஸ்ட்ரமிடமிருந்து வருகிறது. டெனான்டோசாரஸ் என்ற பெரிய தாவர உண்ணியின் எலும்புகளோடு பல டைனானிகஸ்கள் ஒரே இடத்தில் கிடந்ததை அவர் கண்டார். ஒன்றாகக் கிடந்தால் ஒன்றாக வேட்டையாடின என்று பொருளாகாது. கொமோடோ பல்லிகளும் ஒரே பிணத்தைச் சுற்றிக் கூடி, தமக்குள் கடித்துக்கொண்டு தின்கின்றன. 2020இல் ஜோசஃப் ஃபிரெடெரிக்சன் குழு டைனானிகஸின் பற்களில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை அளந்தது. சிறு பற்களும் பெரிய பற்களும் வேறுவேறு உணவைக் காட்டின. ஓநாயைப்போலக் கூட்டாக வேட்டையாடிக் குட்டிகளுக்கும் பங்கு கொடுக்கும் விலங்கில் இந்த வேறுபாடு வராது. இளசுகள் தனியே தம் சின்ன இரையைத் தேடியிருக்க வேண்டும்.

ஆர்க் ஆடத் தொடங்குபவர் கடற்கரையில் கண்விழித்துச் சில நிமிடங்களில் சந்திக்கும் டைலோஃபோசாரஸுக்கு வருவோம். இடுப்புயரம், கழுத்தில் விரியும் மடல், முகத்தில் துப்பும் நஞ்சு. இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. நஞ்சு கிரைட்டன் நாவலுக்காக வைத்த கற்பனை. மடல் படத்துக்காகச் சேர்த்தது. உருவத்தைச் சிறிதாக்கியதும் படம்தான். மூன்றும் அப்படியே கேமுக்குள் வந்து தங்கிவிட்டன.

1940இல் அரிசோனாவில் நவாஹோ இனத்தவரான ஜெஸ்ஸி வில்லியம்ஸ் இந்த எலும்புகளைக் கண்டார். 1942இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழுவை அவரே அங்கே அழைத்துப் போனார். சாமுவேல் வெல்ஸ் 1954இல் அதை மெகலோசாரஸ் வகையென்று விவரித்தார். பின்னர் கிடைத்த இன்னொரு எலும்புக்கூட்டில் மண்டையின் மேல் இரட்டைக் கொண்டை இருப்பதைப் பார்த்து 1970இல் டைலோஃபோசாரஸ் என்று புதுப் பெயர் சூட்டினார். ஆறு மீட்டரைத் தாண்டிய நீளம்; ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்காவின் மிகப் பெரிய நில வேட்டை விலங்குகளில் ஒன்று. தாடை வலுவில்லாதது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை இருந்ததால்தான் நஞ்சு என்ற கற்பனையும் பொருந்தியது. 2020இல் ஆடம் மார்ஷும் திமதி ரோவும் கிடைத்த எல்லா எலும்புக்கூடுகளையும் திரும்ப ஆராய்ந்தார்கள். பழைய விவரிப்பில் சாந்து பூசி நிரப்பிய பகுதிகள் எலும்பாக எண்ணப்பட்டிருந்தன. உண்மையான தாடை பெரிய இரையைப் பிடித்து உலுக்கும் வலுவுடையது. அந்த விலங்குக்கு நஞ்சு தேவைப்படவே இல்லை. நவாஹோ மண்ணின் இந்தப் பெரிய வேட்டைக்காரனை முதல் கட்டத்துச் சில்லறை எதிரியாக்கியது எனக்கு வருத்தம் தருகிறது.

இதற்கு எதிர்முனையில் ஜைகனோடோசாரஸ். 2000இல் வந்த ‘டினோ கிரைசிஸ் 2’ இதை டி. ரெக்ஸையே கொல்லும் பூதமாகக் காட்டியது. ஆர்க்கின் மிக வலிமையான விலங்குகளில் இதுவும் ஒன்று. சினம் ஏறினால் மேலே ஏறிச் செல்பவரையே திரும்பிக் கடிக்கும். பாட்டகோனியாவில் 1993இல் இதன் எலும்பை முதலில் பார்த்தவர் ரூபென் கரோலினி, தொழில்முறை ஆய்வாளர் அல்லாத ஆர்வலர். ரோடால்ஃபோ கோரியாவும் லியோனார்டோ சல்காடோவும் 1995இல் அவர் பெயரையே இனப்பெயரில் சேர்த்தார்கள். நீளம் 12 முதல் 13 மீட்டர், டி. ரெக்ஸுக்குச் சமம் அல்லது கொஞ்சம் கூட. ஆனால் உடல் அத்தனை பருமனில்லை. இரண்டும் சந்தித்திருக்க முடியாது. வேறு கண்டம், இடையில் 3 கோடி ஆண்டுகள்.

சந்திப்பைவிட முக்கியமானது கடி. கேமில் கடிக்கு ஒரே எண். எதிராளியின் உயிர் அளவிலிருந்து அது கழிக்கப்படும். இந்த இரண்டு விலங்குகளின் கடியை ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. ஜைகனோடோசாரஸின் பற்கள் தட்டையான கத்திகள். தாவரம் தின்னும் மலைபோன்ற சாரோபாடுகளின் சதையைச் சீவி எடுத்து, இரத்தம் வடியவிட்டுச் சாய்க்கும் பல் அது. டி. ரெக்ஸின் பல் தடித்த ஆப்பு. கார்ல் பேட்ஸும் பீட்டர் ஃபால்கிங்ஹாமும் 2012இல் கணித்த அதன் கடி விசை 35,000 நியூட்டனுக்கும் மேல். மூன்றரை டன் எடை ஒரு பல்லின் முனையில் இறங்குவதற்குச் சமம். எலும்பையே நொறுக்கி விழுங்கியது. கனடாவின் சஸ்காட்செவனில் கிடைத்து 1998இல் விவரிக்கப்பட்ட, டி. ரெக்ஸினுடையதாகக் கருதப்படும் புதைபடிவ மலத்தில் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைந்திருக்கின்றன. திரும்பும் திறனிலும் டி. ரெக்ஸ் முன்னே நிற்கிறது. 2019இல் எரிக் ஸ்னைவ்லி குழு, அதே எடையுள்ள மற்ற பெரிய வேட்டை டைனோசர்களைவிட டி. ரெக்ஸ் குடும்பத்தவை ஏறத்தாழ இரண்டு மடங்கு சுறுசுறுப்பாகத் திரும்பியிருக்கும் என்று கண்டது. இரண்டும் சமகாலத்தில் வாழ்ந்திருந்தால் வெற்றி யாருக்கு என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. நான் டி. ரெக்ஸ் பக்கம்.

ஸ்பைனோசாரஸின் கதை வேறு மாதிரியானது. இங்கே கேம் தவறு செய்கிறது என்று சொல்வதற்கே தயங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிஜ விலங்கின் உருவமே மாறிக்கொண்டிருக்கிறது. 1915இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஷ்ட்ரோமர் எகிப்தின் எலும்புகளை வைத்து விவரித்த முதல் மாதிரி, 1944 ஏப்ரலில் மியூனிக் மீது விழுந்த குண்டுகளில் அழிந்தது. படங்களும் குறிப்புகளும்தான் மிஞ்சின. 2014இல் நிசார் இப்ராஹிம் குழு மொராக்கோவில் கிடைத்த புது எலும்புகளை வைத்து, குட்டைக் கால்களோடு நீரில் வாழ்ந்த விலங்கென்று அறிவித்தது. 2020இல் அதே இடத்தில் துடுப்புபோன்ற வால் வெளிப்பட்டது. 2022இல் ஒரு குழு எலும்பின் அடர்த்தியைக் காட்டி அது நீருக்குள் மூழ்கி இரை தேடியது என்றது. அதே ஆண்டு பால் செரீனோ குழு அது கரையோரம் நின்று மீன் பிடித்த விலங்கு, நீச்சலில் திறமையற்றது என்று மறுத்தது. ஆர்க்கில் ஸ்பைனோ தண்ணீருக்கு அருகே வலுப்பெறுகிறது. அவ்வளவு வரைக்கும் இரு தரப்புக்கும் உடன்பாடுதான்.

கடைசியாக, எண்களை எலும்பிலிருந்தே எடுத்துச் செய்த ஒரு கேம். 2017இல் முன்னோட்டமாக வெளிவந்த ‘சாரியன்’ ஹெல் கிரீக் நிலத்தை, அதாவது டி. ரெக்ஸின் கடைசிக் காலத்து மொன்டானா–டகோட்டாக் காட்டை, மரஞ்செடி வரைக்கும் புதைபடிவங்களைப் பார்த்துக் கட்டியது. அங்கே நீங்கள் துப்பாக்கி ஏந்திய மனிதரல்ல. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு. பசி, தாகம், உங்களைத் தின்ன வருபவை. பெரும்பாலும் சீக்கிரம் செத்துப்போவீர்கள். நிஜ டி. ரெக்ஸ் குஞ்சுகளின் கதியும் அதுவாகத்தான் இருந்திருக்கும். கிரிகரி எரிக்சன் குழு 2004இல் எலும்பின் வளர்ச்சி வளையங்களை எண்ணிச் சொன்னபடி, சிகாகோவில் இருக்கும் ‘ஸூ’ என்ற டி. ரெக்ஸ் இறந்தபோது அதன் வயது 28. பதின்ம வயதில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ எடை கூடியது.

சாரியனின் டி. ரெக்ஸுக்கு முதலில் உடல் நிறைய இறகு. 2012இல் சீனாவில் விவரிக்கப்பட்ட யூடிரனஸ், ஒன்பது மீட்டர் நீளமுள்ள டி. ரெக்ஸ் உறவினம், இறகுப் போர்வையோடு கிடைத்திருந்ததால் அது நியாயமான ஊகம். 2017இல் ஃபில் பெல் குழு டி. ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளின் தோல் பதிவுகளை வெளியிட்டது, எல்லாம் செதில். கேம் செய்தவர்கள் உழைத்து உருவாக்கிய உருவத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி வரைந்தார்கள். அதே கேமில் ஆடக் கிடைக்கும் டகோட்டாராப்டர் 2015இல் விவரிக்கப்பட்டது. அதன் கவட்டெலும்பு என்று எண்ணியது ஆமை ஓட்டின் துண்டு என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. அறிவியலை நம்பிச் செய்யும் கேம், அறிவியலோடு சேர்ந்து திருத்தப்படவும் வேண்டும். அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டதற்காகவே நான் சாரியனை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

கேம் உருவாக்கக் கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. டி. ரெக்ஸ் மொன்டானாவில் வாழ்ந்த அதே காலத்தையொட்டி, குஜராத்தின் ரஹியோலிப் பகுதியில் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் வேட்டையாடிக்கொண்டிருந்தது. 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் தோண்டியெடுத்த எலும்புகள். 2003இல் முறையாக விவரிக்கப்பட்டது. நெற்றியில் சிறு கொம்பு, தடித்த மண்டையோடு. அதன் ஓட்டத்துக்கும் கடிக்கும் திரும்பும் வேகத்துக்கும் எண் கொடுக்க முயன்று பாருங்கள். ஒவ்வோர் எண்ணையும் எலும்பைக் கேட்டு எழுதுங்கள். புதிய எலும்பு கிடைக்கும் நாளில் திருத்துங்கள்.